போகாத கடைக்கு ஒரு நட்சத்திரம்



கோவிலில் அறுபத்து மூவர் வரிசைக்கு முன்னால் நிற்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? அங்கே அரசர்கள் இருக்கிறார்கள், அந்தணர்கள் இருக்கிறார்கள், படைத்தலைவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், கைத்தொழில் செய்து பிழைத்தவர்களும் நிற்கிறார்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். கலியர் செக்காட்டி எண்ணெய் விற்றவர். நேசர் தறியில் உட்கார்ந்தவர். அதிபத்தர் கடலுக்குப் போய் வலை வீசியவர். இன்றைக்கு நாம் 'சிறு வியாபாரம்' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஆட்கள்தான். சேக்கிழார் பெருமான் அவர்களுடைய தொழிலை மறைத்து எழுதவில்லை. தொழிலோடு சேர்த்தே எழுதினார்.

அவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தில் இருந்தவர். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் டோபி. அவர் பெயர் திருக்குறிப்புத் தொண்டர். அடியார்களின் மனக்குறிப்பைப் பார்த்தே அறிந்து, அவர்களுடைய துணிகளை வெளுத்துக் கொடுப்பதைத் தன் தொண்டாக வைத்துக்கொண்டவர். குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த உடம்போடு ஒரு முதியவர் அழுக்கேறிய கந்தையைப் போர்த்திக்கொண்டு வந்தார். இவர் அதைக் கேட்டார். முதியவர் யோசித்தார். "இதை விட்டால் எனக்குக் குளிருக்கு வேறு துணி கிடையாது. பொழுது சாய்வதற்குள் தருவதென்றால் கொண்டு போ" என்றார். தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

துவைத்தாயிற்று, வெளுத்தாயிற்று. காயப் போடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. பொழுதும் சாய்ந்துவிட்டது. ஒரு கந்தைத் துணிதானே, நாளைக்குக் கொடுக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. குளிரில் நடுங்கும் ஒரு கிழவருக்குக் கொடுத்த வார்த்தை தவறிவிட்டதே என்று, துணி துவைக்கும் பாறையிலேயே தன் தலையை மோதப் போனார். அந்தப் பாறையிலிருந்து ஒரு கை வந்து அவரைப் பிடித்தது. கந்தையோடு வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசைத் தம்பி ஒருத்தர் கேட்டார்: "சார், அந்தத் தாத்தா கையில போன் இருந்திருந்தா? 'சொன்ன டைமுக்குத் தரல, ஒன் ஸ்டார்'னு போட்டிருப்பார்ல?" எல்லாரும் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அந்த முதியவர் அப்படி எழுதியிருந்தால், அது உண்மையான ரிவியூ. துணி அவருடையது. கொடுத்தவர் அவர். காத்திருந்தவர் அவர். நேரம் தவறியதும் நிஜம். எழுத அவருக்கு முழு உரிமை இருந்தது.

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம்.

தீபாவளிக்கு முன்னால் நம் இளைஞர் குழுக்களில் ஒரு செய்தி சுற்றியது. பினாங்கில் ஒரு கேக் கடையில், திருநீறு பூசி வந்த ஒரு பையனைக் கடைக்காரர் கேலி பண்ணிட்டாராம். கீழே கடையின் பெயர். அதற்குக் கீழே: "நம்ம சமயத்தை மதிக்காதவனுக்கு எல்லாரும் ஒரு ஸ்டார் போடுங்க, ஷேர் பண்ணுங்க." நம் பிள்ளைகள் சிலர் தேடினார்கள். அந்தப் பெயரில் முதலில் வந்த கடைக்குப் போட்டார்கள். சிலர் நட்சத்திரத்தோடு நிறுத்தவில்லை. "கேக்கில் முடி இருந்தது", "பழைய சாமான்", "வயிற்று வலி வந்துவிட்டது" என்றெல்லாம் எழுதினார்கள்.

அவர்கள் போட்டது ஈப்போவில் உள்ள கடைக்கு. பெயர் மட்டும்தான் ஒன்று.

ஈப்போ என் ஊர். அதனால் நேரில் போனேன். வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்கி, ஒரு மலாய்க்காரப் பெரியவரும் அவர் மனைவியும் கேக்கும் கூவேயும் செய்து விற்கிறார்கள். உதவிக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. பெரியவர் கைப்பேசியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கோபப்படவே இல்லை. "இவங்க எல்லாம் என்னைக்கு வந்தாங்கன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரல" என்றார். பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னார். முடி இருந்தது என்று மூன்று பேர் எழுதியிருந்ததால், வேலைக்கு நின்ற அந்தப் பிள்ளையைத் திட்டிவிட்டாராம். அது அழுதுகொண்டே போனது, இரண்டு நாள் வேலைக்கு வரவில்லையாம்.

தம்பிகளே, முடியே இல்லாத ஒரு கேக்குக்காக ஒரு பிள்ளை அழுதது. நான் இதை எழுதுவதே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

"அஞ்சாறு ரிவியூதானே சார், இதுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சின்னக் கடைக்கு ஒரு வருஷத்தில் 12 பேர் ரிவியூ எழுதியிருக்கிறார்கள், எல்லாரும் 5 நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5. நம் ஆட்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒன்று போடுகிறார்கள். மொத்தம் 17 ரிவியூ, 65 நட்சத்திரம். சராசரி 3.8க்கு இறங்கிவிடும். வரைபடத்தில் 4க்கு மேல் உள்ள கடையை மட்டும் காட்டு என்று தேடுகிறவர் கண்ணில் அந்தக் கடை இனி படவே படாது. சரி, மறுபடி 4.8க்கு ஏற வேண்டுமென்றால்? இன்னும் 83 பேர் வந்து, 83 பேரும் ஐந்தே போட வேண்டும். வருஷத்துக்கு 12 பேர் என்றால் ஏழு வருஷம் ஆகும். நமக்கு ஆனது ஐந்து நிமிஷம்.

இதே ஐந்து பேர், 2,000 பேர் ஐந்து போட்டிருக்கும் ஒரு பெரிய பேரங்காடி உணவகத்துக்கு ஒன்று போட்டால், சராசரி 4.99. அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆக இந்த ஆயுதம் பெரியவனைத் தொடவே தொடாது. அடி விழுவதெல்லாம் வீட்டு வாசலில் கடை போட்டவன் மேல்தான். கடைக்காரரால் அதை அழிக்கவும் முடியாது. புகார் கொடுக்கலாம், கீழே பதில் எழுதலாம், அவ்வளவுதான். எடுப்பதா விடுவதா என்பதை கூகுள் முடிவு செய்யும். எழுதினவர் நினைத்தால் மட்டும் ஒரு விரல் தொடுதலில் போய்விடும்.

"ஒருவேளை அது சரியான கடையாவே இருந்தா? நிஜமாவே கேலி பண்ணியிருந்தா? நம்ம சமயத்துக்காக நாம நிக்கக் கூடாதா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. கோபத்தில் கேட்டதல்ல, வருத்தத்தில் கேட்டது. அவருக்குச் சுந்தரர் கதையைச் சொன்னேன்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். சபை கூடியிருக்கிறது. ஒரு கிழ அந்தணர் தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார். "இந்தப் பையன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரருக்குக் கோபம். பித்தன் என்று திட்டி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்றார். (ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.) வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது.

அந்தச் சபையார் வயதில் மூத்தவர் சொல்கிறார் என்று தலையாட்டவில்லை. இவர் சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று வழி. அதாவது நெடுநாள் வழக்கம், எழுத்துப் பத்திரம், நேரில் பார்த்தவர் சாட்சி. ஓலையை வாங்கிப் படித்தார்கள். அதோடு விட்டார்களா? பாட்டனார் எழுதிய வேறு ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்காட வந்தவர் சாட்சாத் சிவபெருமான். அவருடைய வழக்கே ஆதாரம் இல்லாமல் செல்லவில்லை. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்.

நம்மிடம் என்ன ஆதாரம் இருந்தது? வழக்கம் தெரியாது. பத்திரம் கிடையாது. பார்த்தவர் யார் என்றும் தெரியாது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு ஃபார்வர்டு. அதை வைத்துத் தீர்ப்பு எழுதினோம். தீர்ப்போடு, "முடி இருந்தது" என்று பார்க்காததற்குச் சாட்சியும் சொன்னோம். ரிவியூ என்பதே சாட்சி சொல்வதுதான். நான் போனேன், நான் சாப்பிட்டேன், எனக்கு இப்படி நடந்தது என்று சொல்கிற இடம் அது. போகாதவன் அங்கே எழுதினால், சமயத்துக்காக எழுதினாலும் அதற்குப் பெயர் பொய்ச் சாட்சி. திருநீற்றுக்காகப் பொய் சொன்னேன் என்று எந்த நாயனாரிடம் போய் நம்மால் சொல்ல முடியும்?

உங்களுக்கே ஒன்று நடந்திருந்தால், அது வேறு. தயங்காமல் எழுதுங்கள். முதலில் கடைக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். முகத்துக்கு நேரே சொல்லாததைப் பின்னால் பேசுவதைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார், புறங்கூறாமை, பத்துக் குறள். நேரில் சொல்லியும் சரி செய்யவில்லை என்றால், என்றைக்குப் போனீர்கள், என்ன வாங்கினீர்கள், என்ன கோளாறு என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். அடுத்த வாடிக்கையாளருக்கு அது உதவி. நல்ல கடைக்காரருக்கும் உதவிதான். பிறகு அவர் திருத்திக்கொண்டால் அதையும் திரும்பப் போய்ச் சேர்த்து எழுதுங்கள். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

காசு நஷ்டமாகிவிட்டதா? அதற்கு வேறு வாசல் இருக்கிறது. மலேசியாவில் நுகர்வோர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். மனு போட 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம். சிங்கப்பூரில் சிறு வழக்கு நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்ளும். அங்கேயும் ஆதாரம் கேட்பார்கள். திருவெண்ணெய்நல்லூர் சபை மாதிரியே.

பொய் எழுதினால் சட்டம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இருக்கிறது, 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பொய்யான கூற்றால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் இதைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. போலீசுக்குப் பயந்து மட்டும் உண்மை பேசுகிறவன், போலீஸ் இல்லாத இடத்தில் என்ன பேசுவான்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கசக்கும். அண்ணன் சலூன் திறக்கிறார், அத்தை மகள் கேட்டரிங் ஆரம்பிக்கிறாள். முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்னாலேயே குடும்பக் குழுவில் இருக்கிற முப்பது பேரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். "பெஸ்ட் சர்வீஸ்", "மட்டன் பிரமாதம்" என்று எழுதுகிறோம். இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை! பாசம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த தெருவில் நேர்மையாக 12 ரிவியூ வாங்கி வைத்திருக்கிற அக்காவை அந்த முப்பது பொய் கீழே தள்ளிவிடுகிறது. தங்கச்சிக்கு உதவணுமா? போய்ச் சாப்பிடுங்க. காசு கொடுத்துச் சாப்பிடுங்க. அப்புறம் எழுதுங்க.

டெலிகிராமில் "வீட்டில் இருந்தே வேலை, ஒரு ரிவியூவுக்கு இத்தனை ரிங்கிட்" என்று வருகிறதே, அதைப் பற்றி நீளமாகப் பேச விரும்பவில்லை. முதலில் சின்னத் தொகை கொடுப்பார்கள், பிறகு உங்களையே முன்பணம் கட்டச் சொல்வார்கள், கட்டினதும் ஆளைக் காணோம். பொய்யை விற்கப் போய் ஏமாந்தவர்கள் நம் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு தேவார வகுப்பு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறோம். கைப்பேசியைக் கொண்டு வாங்க. கூகுள் வரைபடத்தில் உங்கள் பங்களிப்பு என்ற பகுதியைத் திறந்தால், இதுவரை நீங்கள் எழுதிய ரிவியூ எல்லாம் வரிசையாக வரும். போகாத கடைக்கு எழுதியது இருந்தால், பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு எடுத்துவிடலாம். யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம், யார் எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்கவும் மாட்டோம். போய்ச் சாப்பிட்டு ரொம்ப நாளாக எழுதாமல் விட்ட கடை ஒன்று இருந்தால், அதற்கும் அங்கேயே இரண்டு வரி எழுதிவிடலாம்.

ஈப்போ கடைக்கு நம் குழுக்களிலிருந்து போன பதினாறில் ஒன்பதை எழுதியவர்களே எடுத்துவிட்டார்கள். ஏழு இன்னும் இருக்கிறது. அந்த ஏழு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த இதழ் அவர்கள் வீட்டுக்கும் போகும் என்று நினைக்கிறேன்.