சமநிலையும் பராமுகமும்

வீதியோரத்தில் சில தொழிலாளர்கள் கோரிக்கை அட்டைகளை ஏந்தி நிற்கின்றனர். அவ்வழியே செல்லும் ஆன்மிக சாதகன் அவர்களோடு சேர்ந்து நிற்பது முறையா? விலகிச் செல்வதே வைராக்கியம் என்று கருதுவோர் உண்டு.

2014 டிசம்பரில் கேரளத்தின் திருச்சூரில், ஒரு ஜவுளிக்கடையின் முன் ஆறு பெண் ஊழியர்கள் போராட்டத்தில் அமர்ந்தனர். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகவே தங்களை வேறு ஊர்களுக்கு மாற்றியதாக அவர்கள் கூறினர். வேலை நேரத்தில் சற்றே உட்காரும் உரிமையும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளி விஜி அதனை முன்னரே எழுப்பியிருந்தார். அப்போராட்டம் நூறு நாட்களைக் கடந்தது. 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கின.

துணி வாங்க வந்தவர் அமர்ந்திருக்கிறார். புடவைகளை விரித்துக் காட்டுபவர் நாள் முழுதும் நிற்கிறார். வாங்குபவரின் வசதியில் மற்றவரின் கால்வலியும் கலந்துள்ளது. எனவே, அந்த ஊழியருக்காக வீதியில் ஒரு மணி நேரம் நிற்பது உபகாரமன்று; பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்ப்பதாகும்.

சமநிலை என்பது தன் இன்பதுன்பங்களில் காக்க வேண்டிய பண்பு. பிறர் துன்பத்தைக் கண்டும் அசையாதிருப்பது சமநிலையன்று, பராமுகம். சாதகன் நிற்கட்டும், முதலாளியை வெறுக்காமல், கூட்டம் சிறியதென்று தயங்காமல், பலனைக் கணக்கிடாமல் நிற்கட்டும். அவனது சாதனை அங்கும் தொடர்கிறது.