செவிசாய்ப்பது சலுகை அன்று

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியம், வேலை நேரம் எனக் கோரிக்கைகள் பல இருந்தாலும் இழுபறிக்குக் காரணமான கேள்வி ஒன்றுதான்: தொழிலாளர்கள் அமைத்த சங்கத்தோடு நிர்வாகம் பேசுமா, பேசாதா? சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்று ஆட்சேபம் கிளம்பியது. போராட்டப் பந்தலைக் காவல்துறை பிரித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில்தான் சங்கம் பதிவானது. நூறு பேரோ பத்து விழுக்காட்டினரோ, எது குறைவோ அவ்வளவு பேர் சேர்ந்தாலே பதிவு கோரலாம் என்கிறது சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டும் இத்தனை அலைக்கழிப்பு என்றால் பிழை சட்டத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. உழைப்பவரின் குறையைக் கேட்பது முதலாளியின் தயவு அன்று, கடமை.

இதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் வேந்தன் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்று இறைமாட்சியில் வள்ளுவர் வகுத்தார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான் என்றார். பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகர்க்கு அழகு என்று நடுவுநிலைமையில் சொன்னவரும் அவரே. தொழிலாளியின் பொருள் அவருடைய உழைப்பு. அதைப் பேணாத வணிகம் எவ்வளவு ஈட்டினாலும் முறையானது ஆகாது.

பெரும்பாலான தகராறுகள் கேளாச் செவியில்தான் முளைக்கின்றன. ஒருவர் எதிர்த்துப் பேசுகிறார்; மறுநாள் மெமோ வருகிறது; பிறகு சஸ்பெண்ட். முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளமே பிழைப்பூதியம். வீட்டு வாடகையோ பாதியாவதில்லை. உள்விசாரணையில் குற்றம் சாட்டுவது நிர்வாகம், விசாரணை அதிகாரியை அமர்த்துவது நிர்வாகம், தண்டிப்பதும் நிர்வாகம். பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்விக்க ஆணையிட்ட பாண்டியன் அவை இதைவிட எந்த வகையில் தாழ்ந்தது? அவனாவது தவறு தெரிந்ததும் உயிர்விட்டான். சமரச அலுவலர், முறிவு அறிக்கை, தொழிலாளர் நீதிமன்றம் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழி அமைத்தது உண்மை. ஆனால் அந்த வழியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வசதி ஒரு தரப்புக்கே இருந்தது. அந்தச் சட்டத்தின் 12(3) பிரிவின்படி முத்தரப்பும் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தங்கள் நிலைத்து நின்றதற்குக் காரணம், அவற்றில் இரு தரப்பின் சொல்லும் ஏறியிருந்ததே.

சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்பார்கள். தொழில் தழைக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியதற்குப் பின்னணி வரி வழக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கு நடந்த விற்பனையும்; வேலைநிறுத்தம் அன்று. வெளியாட்கள் தூண்டுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது தலைவராயிருந்த வாடியாவும் உடன்நின்ற திரு.வி.க.வும் ஆலையில் நூல் நூற்றவர்கள் அல்லர். அந்த ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் பின்னர் வாடியாமேல் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. அதன் விளைவாக எழுந்த குரல்களே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலின. அடக்கியதால் சங்கம் அழியவில்லை, சட்டமாக வலுப்பெற்றது.

ஆகவே ஆலை நடத்துவோர் அறிய வேண்டியது இது: எளியவர் ஆற்றாமல் சிந்தும் கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் என்ற குறள் கோல் பிடித்த மன்னனுக்கு மட்டும் சொன்னதன்று, கூலி கொடுக்கும் எவருக்கும் பொருந்தும். குறை வந்த அன்றே கேளுங்கள். சங்கத்தை எதிரே உட்காரவைத்துப் பேசுங்கள். குற்றச்சாட்டை இரு தரப்புக்கும் பொதுவானவர் விசாரிக்கட்டும். அரசும் முதலீட்டாளருக்குக் காட்டும் அதே அவசரத்தைத் தொழிலாளியின் மனுவுக்கும் காட்ட வேண்டும். அதுவே முறை, அதுவே செங்கோல்.