கேள்விக்குப் பின் மூன்று விநாடி

ஆசிரியர்களை உருவாக்குகிற ஆசிரியர் எதைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளலாம்? பல்கலைக்கழகக் கல்வியியல் துறையில் வேலை பார்க்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ஆண்டுதோறும் படிவமாகவே வந்து சேர்கிறது. கட்டுரைகள் எத்தனை, எந்த இதழில், கருத்தரங்குகள் எத்தனை, முனைவர் பட்டம் முடித்த மாணவர் எத்தனை பேர், நிதி பெற்ற ஆய்வுத் திட்டம் உண்டா. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏ.பி.ஐ. என்ற புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தபோது இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்தது. 2018இல் விதிகள் கொஞ்சம் எளிதாயின. ஆனால் எண்ணிக்கை கேட்கும் பழக்கம் போகவில்லை.

நெய்வேலியில் குடியிருந்துகொண்டு எண்ணிக்கையைக் குறை சொல்லவும் முடியாது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது வெளிவந்த கறுப்புப் பொருளிலிருந்து பிறந்த ஊர் இது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962இல் முதல் மின் அலகு ஓடியது. அன்றிலிருந்து எத்தனை டன், எத்தனை மெகாவாட் என்பதே ஊரின் நாடித்துடிப்பு. ஷிப்ட் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு குடியிருப்பு வட்டத்துக்குத் திரும்புகிற தொழிலாளிக்கு, இன்றைக்கு என்ன செய்தோம் என்பது தெரியும். பொய் சொல்ல முடியாத கணக்கு அது. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பலமுறை ஏக்கம் வந்திருக்கிறது.

என் வேலையின் பலன் என் கண்ணில் படுவதில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பி.எட். மாணவி நாளைக்குத் திட்டக்குடியிலோ கள்ளக்குறிச்சியிலோ ஒரு வகுப்பறையில் நிற்பாள். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் பிடிபட்டதா இல்லையா என்பதில்தான் நான் ஒழுங்காக வேலை செய்தேனா என்பதற்கான விடை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியப்போவதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது.

ஆனாலும் எப்போதாவது அது கண்ணெதிரே நடந்துவிடும். பி.எட். 2015இல் இரண்டாண்டுப் படிப்பாக மாறியதற்கு முன், கற்பித்தல் பயிற்சி 40 நாள்தான். இப்போது இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பற்றி ஆயிரம் முணுமுணுப்பு உண்டு, பெற்றோருக்கு இரண்டாம் ஆண்டுச் செலவு உட்பட. என்றாலும் ஆசிரியர் கல்வியில் என் காலத்தில் நடந்த உருப்படியான காரியம் அதுதான் என்பேன். பள்ளியின் கடைசி பெஞ்சில் பார்வையாளர் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரமே என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம்.

அப்படி ஒரு நாள், நெய்வேலிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு அறிவியல். பாடம், விசையும் அழுத்தமும். பயிற்சி மாணவி சார்ட்டைப் பிசிறில்லாமல் வரைந்திருந்தாள். லெசன் ப்ளானில் நோக்கங்கள், முன்னறிவு, ஆர்வமூட்டல் எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. “ஒட்டகம் மணல்ல எப்படி சுலபமா நடக்குது?” என்று கேட்டாள். கேட்ட கையோடு, “அதோட பாதம் அகலமா இருக்கு, அதனால அழுத்தம் கம்மி” என்று பதிலையும் சொல்லிவிட்டாள். மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். ஒரு பாடவேளை முழுக்க இதேதான். கேள்வி இவளுடையது, பதிலும் இவளுடையது.

வராந்தாவில் வைத்துச் சொன்னேன்: “ஏம்மா, கேட்டுட்டு ஒரு மூணு விநாடி சும்மா இரேன்.”

“வகுப்பு கப்சிப்புனு ஆயிடும் மேடம். எனக்கு ஒண்ணும் தெரியலனு நெனச்சுக்குவாங்க.”

அவள் பயம் நியாயமானது. புதிதாக வகுப்பெடுக்க நிற்பவருக்கு அமைதி என்றாலே தோல்விதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதிலே வராத நிலை குறைகிறது என்று கண்டார். கருவி வேண்டாம், கணினி வேண்டாம், அரசாணை வேண்டாம். காசில்லாமல் செய்யக்கூடிய கல்விச் சீர்திருத்தம் ஒன்று உண்டென்றால் அது இந்த மூன்று விநாடிதான்.

அடுத்த பிரிவில் அதே பாடம். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் மடக்கி எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. வகுப்பு அசையவில்லை. பிறகு ஜன்னலோரம் இருந்த சிறுமி எழுந்தாள். “எங்கப்பா வேல பாக்குற பக்கெட் வீலுக்கு டயரே கெடையாது மிஸ். டாங்கி மாதிரி அகலமா பட்டதான். டயர் போட்டா மண்ணுல பொதஞ்சிரும்னு அப்பா சொன்னாங்க.”

லெசன் ப்ளானில், சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரம் இல்லை. ராஜஸ்தான் ஒட்டகம்தான் இருந்தது. பயிற்சி மாணவி ஒரு கணம் திகைத்து, சார்ட்டை மடித்து வைத்துவிட்டு அந்தச் சிறுமியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டாள். படம் வரைந்தது பிள்ளை. அடுத்து ஒரு பையன், சுரங்கத்தில் ராப்பகலாக பம்ப் ஓடுவது எதற்கு என்று கேட்டான். இந்த ஊரில் அழுத்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு சிறைப்பட்ட நீர் இருக்கிறது. இடைவிடாமல் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது உடைத்துக்கொண்டு வரும். நெய்வேலியைத் தோண்டத் தொடங்கியபோது பொறியாளர்களைத் திணறடித்த விஷயங்களில் இது முக்கியமானது. அதையெல்லாம் அந்த வகுப்பு தானாகவே தேடிப் போனது.

கடலூரைச் சேர்ந்த இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’வை எங்கள் மாணவிகள் எல்லோரும் படிக்கிறார்கள். கேள்வி கேட்டுக் கேட்டு அடிவாங்கிய ஒரு சிறுமியின் கதை. படித்து அழாதவர்கள் குறைவு. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிஷாவுக்காக அழுதவர்களே வகுப்பில் கேள்விக்கு இடம் விடாமல் நடத்துவதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். மனம் இளகுவது ஒரு பழக்கம், காத்திருப்பது இன்னொரு பழக்கம். முதலாவதைக் கதை தரும். இரண்டாவதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து, இன்னொரு முறை நடத்து என்று சொல்லித்தான் தர வேண்டும். என் சம்பளம் அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதும் பலன் கண்ணில் படாத இந்த வேலையால்தான். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பிரிவி கவுன்சிலர், சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதி என்றெல்லாம் அவர் வரலாறு நீளும். பள்ளிக்கூட வாத்தியாராக, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளுக்கு அதில் ஒரு வரி கிடைக்கும். 1927இல் இந்திய அரசின் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா போனவர், கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களின் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்பில்லாமல் இருப்பதைப் பார்த்தார். நேட்டால் இந்தியர்களிடம் நிதி திரட்ட வைத்து டர்பனில் ஒரு கல்லூரி எழக் காரணமானார். உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த இடம் அது. 1929 தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பிவிட்டார்; அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பயின்று ஆசிரியரானவர்களும் அவர்களிடம் படித்த பிள்ளைகளும் எந்தப் படிவத்தில் அடங்குவார்கள்?

இதைச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வது சுலபம். ஆனால் என் மாணவிகளின் நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் போன குடும்பங்களின் பெண்கள், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள், நகையை அடகு வைத்து பி.எட். சேருகிறார்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பின்னால் தேறியவர்களிலும் எத்தனையோ பேர் பணி நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பலர் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில், சிலர் ஜவுளிக்கடையில். 2025 செப்டம்பரில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபின், என் பழைய மாணவிகள் போன் செய்யத் தொடங்கினார்கள். தலை நரைத்தவர்கள். “மேடம், சைக்காலஜில பியாஜே நோட்ஸ் வச்சிருக்கீங்களா?” என்று கேட்கும் குரலில் இருந்த கூச்சம் என்னைத் தூங்கவிடவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் மறுபடி தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் அவர் என்ன செய்தார் என்பதை இந்தத் தேர்வும் கேட்காது.

வேலை கொடுப்பது என் கையில் இல்லை. மிச்சமிருப்பது ஒன்று. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டுத்தான் மாணவருக்குப் பாடம் எடுக்கிறார். கல்வியியல் துறைகளிலோ பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியே பல காலமானவர்கள், எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். விதிகள் இதைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆசிரியப் பயிற்சியாளரும் ஆண்டில் ஒரு பருவமாவது பள்ளியில் வகுப்பெடுக்க வேண்டும், அதுவும் மாணவிகள் பார்க்க. துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, புள்ளி உண்டா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அவருக்கும் பதவி உயர்வு வேண்டுமே.

விதி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நானே ஒரு பள்ளிக்குப் போய்க் கேட்டேன். வாரம் இரண்டு பாடவேளை, எட்டாம் வகுப்பு அறிவியல். என் பயிற்சி மாணவிகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேள்விக்குப் பின் எத்தனை விநாடி பொறுக்கிறேன் என்று குறித்துத் தருவார்கள். தலைமையாசிரியை கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கடைசி பீரியட்தான் இருக்கு மேடம், புள்ளைங்க தூங்கி வழிவாங்க” என்றார். அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.