தோலில் தெரியும் நோயும் வினையும்

சூலகப் புற்றுநோய் தோலுக்குப் பரவுவது அரிது. பரவினால் பெரும்பாலும் தொப்புளில் கெட்டியான சிறு கட்டியாகத் தெரியும். வயிற்றறைச் சவ்வு, நிணநீர், இரத்தம் ஆகிய வழிகளில் புற்றணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன. சிலருக்குப் பழைய அறுவைத் தழும்பிலும் முளைக்கும். நோய் முற்றிவிட்டதற்கு அது அடையாளம். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் வில்லியம் மேயோவுக்கு அறுவைக்கூடத்தில் உதவியாக இருந்த பிரான்சிஸ்கன் துறவி மேரி ஜோசப் இதைக் கவனித்துச் சொன்னார். மேயோ 1928இல் எழுதினார். துறவி மறைந்து பத்தாண்டு கழித்து, 1949இல், கட்டிக்கு அவர் பெயரே வந்தது.

வயிற்றுக்குள் இருக்கும்வரை நோய் என்று மட்டும் சொல்லப்படுவது, தோலுக்கு வந்ததும் 'முற்பிறப்பில் என்ன வினை செய்தாளோ' என்ற பேச்சாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதைத் தண்டனையாக வாசிக்கும் பழக்கம் பழையது, கொடியது. அதற்குச் சமயங்களின் ஒப்புதல் உண்டா?

பௌத்தத்தின் பாளி மரபில் வரும் சங்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் இதையே கேட்கிறான்: அனுபவிப்பதெல்லாம் பழவினையா? பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றும் கூடுதல், பருவமாற்றம், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் என ஏழையும் சொன்ன பிறகே புத்தர் எட்டாவதாக வினைப்பயனைச் சொல்கிறார். எல்லாம் பழவினையே என்போர், தாமும் உலகமும் கண்டறிந்ததை மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. விவிலியத்தில் யோபுவின் உடலெங்கும் பருக்கள் எழுந்த கதையிலும், அவன் பாவத்தைத் தோண்டிய நண்பர்களைத்தான் கடவுள் கடிந்தார்.

சைவருக்கு இது இத்தனை எளிதன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாக வகுக்கும் சித்தாந்தம், உடலும் அது நுகரும் இன்ப துன்பமும் பிராரத்தத்தால் வந்தவை என்கிறது. ஆனால் அக்கொள்கை ஒருவர் தம் வாழ்வை நோக்கிச் சொல்லிக்கொள்வது. அடுத்தவளின் தொப்புளைப் பார்த்து அவள் பழங்கணக்கை எழுதும் உரிமை அதில் எவருக்கும் இல்லை. கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியபோது ஞானசம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம் வினையைப் பற்றியதுதான். நோயுற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று அது எங்கும் கேட்கவில்லை. நோயில்லாத சம்பந்தர் தம்மையும் அவர்களோடு சேர்த்து, தீவினை 'எம்மை'த் தீண்டாது என்றே பாடினார்.