சத்திரக்காரனின் இராத்திரி



அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்திலே சேசுநாதர் சுவாமி சொல்லியருளிய நல்ல சமாரித்தன் உவமையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். குருவானவன் பாராமுகமாய்ப் போனான், லேவியனும் போனான், அந்நியனாகிய சமாரித்தன் நின்றான் என்பதோடு பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் சமாரித்தன் மறுநாள் தன் வழியே பிரயாணம் போய்விட்டானே! அதற்குப் பின் காயப்பட்டவனுக்குக் கஞ்சி கொடுத்தது யார்? கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவியது யார்? நடுச்சாமத்தில் அவன் அனத்தினபோது விளக்கோடு எழுந்து வந்தது யார்? இரண்டு பணம் வாங்கிக்கொண்ட அந்தச் சத்திரக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அவனைப் பற்றி யாரும் அதிகம் பிரசங்கம் செய்வதில்லை.

சேலத்தில் ரயிலேறினால் ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடியில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதை ஸ்தாபித்த ஐடா ஸ்கட்டர் அம்மையார், புராட்டஸ்டண்டு மிஷனரி குடும்பத்தில் 1870ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவ அவரை அழைத்தார்கள். அவரோ டாக்டருக்குப் படிக்காதவர். தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண்பிள்ளை டாக்டர் வேண்டாம் என்றார்கள் மூவரும். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்குப் போய் 1899ல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்ப வைத்தது. 1902ல் வேலூரில் 40 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி எழும்பிற்று.

ஆஸ்பத்திரி வந்தது, டாக்டரும் வந்தார். அறுவை முடிந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், மலமூத்திரம் எடுக்கவும், விடியுமட்டும் நாடி பார்க்கவும் ஆள் எங்கே? முதலில் சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணுக்கு அம்மையார் தாமே சொல்லிக்கொடுத்து உதவிக்கு வைத்துக்கொண்டார். பிறகு 1909ல், டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸைக் கொண்டு நர்ஸுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மருத்துவப் பள்ளி வந்தது 1918ல்தான். டாக்டர்களைப் பழக்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பே நர்ஸுகளைப் பழக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பிள்ளைகள் எளிதில் வந்துவிடவில்லை. அக்காலத்தில் இரத்தத்தையும் சீழையும் தொடுவது தீட்டு. பிற சாதியாரைத் தொடுவது இன்னும் பெரிய தீட்டு. குடும்பப் பெண் அந்நிய ஆடவர் நடுவே இராத்தங்குவதா என்ற பேச்சு வேறு. ஆகையால் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் முதலில் நர்ஸு வேலைக்கு வந்தவர்களில் அநாதைப் பிள்ளைகள், கைம்பெண்கள், மிஷன் பள்ளியில் வளர்ந்த ஏழைப் பெண்கள் அநேகர். யாரை அனுப்பினால் ஊர் ஒன்றும் கேட்காதோ, அவர்களே போனார்கள். அவர்கள் தொட்டுக் கழுவிய உடம்புகளில் மேல்சாதி உடம்புகளும் இருந்தன! 1946ல் வேலூரிலும் தில்லியிலும் இந்தப் படிப்புக்குக் கல்லூரிப் பட்டமே உண்டாயிற்று.

நம் திருச்சபையின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கன்னியர்கள் பிரசவம் பார்ப்பதும், டாக்டராய்த் தொழில் செய்வதும் வெகுகாலம் விலக்கப்பட்டிருந்தது. 61ம் வயதில் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்த ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மாள் இத்தடையை நீக்கும்படி உரோமாபுரிக்குத் திரும்பத் திரும்பப் போய் மன்றாடி, பலனைக் காணாமலே 1913ல் மரித்தார். மேரி குளோரி என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1920ல் குண்டூர் வந்து, கன்னியராகி, பரிசுத்த பாப்பானவரின் விசேஷ உத்தரவோடு வைத்தியம் செய்தார். அங்கத்திய பெண்களுக்கு மருந்து கலக்கவும், பிரசவம் பார்க்கவும், நோயாளியைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்தார். தடை பொதுவாய் நீங்கியது 1936 பெப்ருவரி 11ல், லூர்து மாதா திருநாளன்று. அன்றுமுதல், கன்னியர்கள் முறையாய்ப் படித்துத் தேர்ந்து பிரசவமும் பார்க்கலாம் என்று உரோமை அறிவித்தது. அதற்குமுன் எத்தனை தாய்மார் போய்ச் சேர்ந்தார்களோ, சர்வேசுரனுக்கே தெரியும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? அம்மாபேட்டையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நம் பெண்கள் இன்றும் நர்ஸுக்குப் படிக்க ஆசைப்படுகிறார்கள். “நைட் டூட்டி பார்க்கிற பெண்ணை எவன் கட்டுவான், சாமி?” என்கிறார் தகப்பனார். தீட்டு என்ற சொல் போயிற்று. அதன் நிழல் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2020லும் 2021லும் கொரோனா வார்டுக்குள் பெற்ற பிள்ளையையும் விடாத நாட்களில், நம்முடையவர்களின் வாயில் தண்ணீர் ஊற்றியவள் யாரோ ஒருவருடைய மகள். அவளைப் பெற்றவரும் அப்படியே மறுத்திருந்தால்?

கல்லூரிக் கட்டணம் பாரமாயிருப்பது வேறு விஷயம். அது நியாயமான கவலை. அதற்குக் கூடிப் பேசி வழி தேடலாம். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகனிடம் மாத்திரம் எச்சரிக்கை. ஆனால் காசு இருந்தும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து தடுக்கிற தகப்பன்மார் இருந்தால், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் என்னிடம் வாருங்கள். வரும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் சொல்வதை முதலில் கேட்போம்.