எச்சரித்த பிறகு யார் பொறுப்பு?

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வந்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்தச் சரிவில் ஆட்கள் குடியிருக்கக்கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பின்னரும் எச்சரித்திருந்தது.

இறப்புகளுக்குப் பின் ஒரு வாதம் கிளம்பியது: போகச் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை. இதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தை, கோயிலை, பக்கத்து மலையிலிருக்கும் வேலையை விட்டுப்போக மனிதருக்கு மனம் வராது. எச்சரிக்கையைக் கேட்டும் தங்கியவர் தம் முடிவுக்குத் தாமே பொறுப்பு என்று சொல்வது, அவரைச் சுயபுத்தி உள்ளவராக மதிப்பதாகக்கூடத் தோன்றலாம்.

ஆனால் முடிவெடுக்க, தேர்ந்துகொள்ள இன்னொரு வழி இருந்திருக்க வேண்டும். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. தோட்டத்தில் பேர் பதிந்து உழைக்கிறவருக்கு லயன் காம்பரா கிடைக்கும், உறுதிப்பத்திரம் கிடைக்காது. 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் போராடி அதைத் திரும்பப் பெற்ற மலையகத் தமிழ்ச் சமூகம் இது. கையில் ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவரிடம் "போய்விடு" என்று மட்டும் சொல்வது, காப்பாற்ற வேண்டியவரின் கடமையைச் சாகப்போகிறவரின் தலையில் இறக்கிவைப்பது.

இந்தக் கடமையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? போரில் அகப்பட்ட பொதுமக்களுக்கு 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை உண்டு. மழையும் மண்ணும் துரத்தியவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களையும் சேர்த்துப் பேசுவது, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள். இடம்பெயர்ந்தோரைக் காக்கும் முதற்கடமை அந்தந்த நாட்டு அதிகாரிகளுடையது என்றும், நிலத்தையே நம்பி வாழும் குடிகளை இடம்பெயரவிடாமல் காக்கும் தனிக்கடமை அரசுக்கு உண்டு என்றும் அவை சொல்கின்றன. உயிர்காக்க அவசியமானால் மக்களை வெளியேற்றலாம். போகுமிடத்தில் தகுந்த உறைவிடம் இருக்க வேண்டும். ஆனால் இவை உடன்படிக்கை அல்ல. இவற்றை மீறிய அரசை இவற்றின் பெயரில் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. சுனாமிக்குப் பின் இலங்கை இயற்றிய 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய சபையை அமைத்தது. அதே ஆண்டில்தான் மீரியபெத்தைக்கு முதல் எச்சரிக்கையும் வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்தும் லயன்கள் அங்கேயே இருந்தன.

அப்படியானால் பலவந்தமாக அப்புறப்படுத்தியிருக்க வேண்டுமா? மலையக மக்களின் வரலாறு தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி கூசும். 1977இலும் 1983இலும் வன்முறைக்கு அஞ்சி வன்னிக்கு ஓடிய தோட்டக் குடும்பங்கள், பிறகு அங்கே போரில் மறுபடியும் இடம்பெயர்ந்தன. அந்த மக்களிடம் பொலிஸை அனுப்பி லயனைக் காலிசெய்யச் சொல்வதைப் பாதுகாப்பு என்று எளிதில் அழைத்துவிட முடியாது. மழை கொட்டும் இரவில், உயிர் போகும் நிலையில், கட்டாயம் நியாயமாகலாம். ஒன்பது ஆண்டு அவகாசம் இருந்த இடத்தில் கட்டாயத்துக்குத் தேவையே வந்திருக்காது. நடந்துபோகும் தூரத்தில் வேலை, சொந்தப் பெயரில் காணி, ஒரு தனிவீடு: இவற்றைக் காட்டி அழைத்திருந்தால் எத்தனை பேர் மறுத்திருப்பார்கள்?

மீரியபெத்தையில் தப்பியவர்களில் பலர் மகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட இரண்டாண்டுகள் ஆயின. சாவுக்குப் பின் கிடைத்த நிலம் சாவுக்கு முன் இல்லாமலா இருந்தது? அதன் பிறகும் ஆபத்து ஓயவில்லை: 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் குலைத்தது.

ஆகவே கடமை தொடங்க வேண்டிய நாள் எச்சரிக்கைக் கடிதத்தில் போட்டிருக்கும் திகதிதான். ஓர் இடம் அபாயமானது என்று அறிவிக்கப்பட்ட அன்றே, காணியை வைத்திருக்கும் அரசும் குத்தகை எடுத்த கம்பனியும் குறித்த தவணைக்குள் மாற்று நிலம் காட்டச் சட்டத்தால் கட்டுப்பட வேண்டும். காட்டாவிட்டால் அதைக் கேட்டு வழக்காடும் உரிமை லயனில் இருப்பவருக்கு வேண்டும்.