பேர் தெரியும், பாடு தெரியுமா?

"என் பாட்டனாருக்குப் பாட்டனார் இன்னார்" என்று ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்புவிப்போர் உண்டு. கேட்க வியப்பாகவே இருக்கும். ஆனால், "அந்த எழுவரும் என்ன வேலை செய்தனர்? என்ன கூலி பெற்றனர்? ஏன் ஊர் விட்டு ஊர் பெயர்ந்தனர்?" என்று கேட்டுப் பாருங்கள், நா தடுமாறும்! பேர் இருக்கிறது, அந்தப் பேருக்குரியவர் பட்ட பாடு மறைந்துவிட்டது. பேர்களை அடுக்கிவிட்டால் அது குடும்ப வரலாறாகிவிடுமா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைப் பாருங்கள். 1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்கூட்டம் அதிலே இருந்தது. 1911 வரையில் அவ்வாறு இந்தியாவிலிருந்து சென்றவர் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பேர், தந்தை பேர், வயது, சாதி, உயரம், ஊர், உடலிலுள்ள தழும்பு!

அவர்தம் வழிவந்தோர் இன்று அந்த ஏடுகளைப் புரட்டுகின்றனர். ஊர்ப் பேர் கிடைத்ததும் தேடல் முடிந்ததென மகிழ்கின்றனர் சிலர். உண்மையில் அங்கேதான் தேடல் தொடங்குகிறது!

1877இல் கப்பலேறிய ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். "தலைவிதி, கடல் கடந்தான்" என்கிறது வீட்டுக் கதை. விதியா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியதே, இலட்சக்கணக்கானோர் மாண்டனரே, அதை அந்த ஆண்டின் பக்கத்திலே எழுதிப் பாருங்கள். விதியின் முகமூடி நழுவும்! பஞ்ச ஆண்டு என்பதாலேயே பஞ்சந்தான் அவனைத் துரத்தியது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எந்த ஊர், எந்த மாதம், உடன் சென்றோர் யார் என்று பார்த்த பிறகே தீர்ப்பு. சான்று கேட்பவனே பகுத்தறிவாளன்.

நேட்டாலுக்கு ஏன் ஆள் வேண்டியிருந்தது? கரும்புத் தொழிலே விடை கூறுகிறது. வெட்டிய கரும்பை விரைந்து ஆலைக்குக் கொண்டு சென்று பிழிய வேண்டும். தாமதித்தால் சர்க்கரை குறையும். வேலை வேண்டும்போது விலகிச் செல்ல முடியாத ஆட்களைத் தோட்டக்காரர் தேடினர். சூலு மக்களுக்கோ சொந்த நிலமும் மாடும் இருந்தன. அடிமை முறையை 1833இல் பிரிட்டிஷ் சட்டம் ஒழித்துவிட்டது. ஆகவே வந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம்! முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கொரு ஷில்லிங் உயர்வு.

ஒப்பந்தம் முடிந்த பின்னும் அதே தோட்டத்து ஏட்டில் ஒரு பேர் மீண்டும் காணப்படுகிறதா? "முதலாளி மீது விசுவாசம்" என்பர் வீட்டார். வந்தவன் 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தியவனா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் நாடு திரும்பாமலும் தங்கினால், ஆண்டுக்கு 3 பவுன் வரி என்றது அச்சட்டம். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலிக் கணக்கில் ஆறு மாத உழைப்பு! விசுவாசமா அவனைக் கட்டிப்போட்டது? 1913இல் நிலக்கரிச் சுரங்கத்தாரும் கரும்புத் தோட்டத்தாரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1914இல் வரி நீங்கிற்று. அந்த நிறுத்தத்தில் நம் வீட்டுப் பாட்டியும் நின்றிருக்கலாமே! தேடினாலன்றோ தெரியும்?

ஏட்டிலே சாதிக் கட்டத்தை மட்டும் விரலால் தடவிப் பெருமை கொள்வோரும், கண்டு கூசுவோரும் உண்டு. ஒரே கப்பலில் அடைபட்டு, ஒரே கரும்பை வெட்டியவரைப் பற்றி அந்தக் கட்டம் கூறுவது மிகச் சிறிது. கூலிக் கட்டம் கூறுவதே பெரிது.

இனி, கடினமான கேள்வி. தேடிச் செல்கையில், பாட்டன் கூலியாக இல்லாமல், கூலிகளை அடித்து வேலை வாங்கிய சர்தாராக இருந்ததாகத் தெரிந்தால்? ஆசை காட்டி ஆள் பிடித்தவனாக இருந்தால்? ஏட்டை மூடிவிடுவதா?

மூடலாகாது! பாட்டன் செய்த தீங்கு பேரனுடைய குற்றமாகாது. அதை மறைக்கும் பொய் பேரனுடையதே. அவ்வாறே பாட்டன் காட்டிய வீரமும் பேரனுக்குப் பதக்கமாகாது. பழியும் புகழும் இரத்தத்தில் வருவன அல்ல. முன்னோரிடமிருந்து நமக்கு வரக்கூடியது ஒன்றுண்டு: அவர்கள் நிலையை அறிந்த அறிவு. அந்த அறிவு பெற்றவன், இன்று ஒப்பந்தத் தாளிலே கையெழுத்திட்டுக் கடல் கடக்கும் ஏழையைக் கண்டால் முகந்திருப்ப மாட்டான்.

ஆகவே நண்பர்களே, இன்றே வீட்டிலுள்ள முதியவரிடம் அமருங்கள். பேரைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள். ஆண்டைக் குறித்து, அந்த ஆண்டில் நாட்டிலும் ஆலையிலும் நடந்ததைப் பக்கத்திலே எழுதுங்கள். அவர் கண் மூடுமுன் எழுதுங்கள்!